நாள்பட்ட யுவைடிஸில் கண்ணின் ரத்தநாளங்களைப் படம்பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

நாள்பட்ட யுவைடிஸ், அதாவது கண்ணின் நடுப்படலத்தில் நீடிக்கும் அழற்சி, உள்ள ஒருவர் பார்வைப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுகிறார். கண்ணில் சிவப்பு இல்லை, வலி இல்லை. ஸ்லிட் லேம்ப் என்னும் கண் நுண்ணோக்கியில் பார்த்தால் முன்னறையில் (கண்ணின் முன்பக்கத் திரவ அறையில்) அழற்சி செல்களும் இல்லை. மருந்தைக் குறைக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே கண்ணில் அகலப்புல ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி, விழித்திரையின் ஓரம் வரை நாளங்களைக் காட்டும் படம்) எடுத்தால், விழித்திரையின் ஓரங்களில் நுண்ணிய நாளங்கள் சாயத்தைக் கசியவிட்டுக்கொண்டிருப்பது சில சமயம் தெரியவரும். அழற்சி அடங்கவில்லை, பார்வைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நோயில் படம்பிடிப்பது இவ்வளவு முக்கியமாக இருப்பதற்கு இதுவே காரணம். கண் மருத்துவம் பயில்பவர்கள், ஆப்டோமெட்ரி மாணவர்கள், படமெடுக்கும் அறையில் வேலை செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தங்கள் கண்ணுக்கு என்ன பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் நோயாளிகளும் படிக்கலாம். அவர்களுக்கென்றே கடைசிக்குச் சற்று முன் ஒரு பகுதி இருக்கிறது.

முதலில், நாளங்களுக்கு என்னதான் ஆகிறது?

யுவைடிஸ் என்பது ஐரிஸ் (கண்பாவையைச் சுற்றிய நிறவளையம்), சிலியரி பாடி (அதன் பின்னுள்ள தசைவளையம்), கோராய்டு (விழித்திரைக்கு அடியிலுள்ள நாளப் படலம்) மூன்றும் சேர்ந்த யுவியா படலத்தில் வரும் அழற்சி. பக்கத்தில் இருக்கும் விழித்திரையும் அதன் நாளங்களும் கூடவே பாதிக்கப்படுவது சகஜம். சிகிச்சையை நிறுத்திய 3 மாதத்துக்குள் மீண்டும் தலைதூக்கும், விடாமல் தொடரும் அழற்சியைத்தான் 'நாள்பட்ட' என்ற சொல்லால் குறிக்கிறோம். 2005-ல் வெளியான யுவைடிஸ் சொற்களைத் தரப்படுத்திய எஸ்யூஎன் பணிக்குழுவின் வரையறை இது.

விழித்திரை நாளங்களின் உள்சுவர் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருக்கும். ரத்தத்தில் இருப்பது விழித்திரைக்குள் புகாமல் காக்கும் தடுப்பு அது. அழற்சி வரும்போது டிஎன்எஃப், ஐஎல்-6, விஇஜிஎஃப் போன்ற வேதிப்பொருட்கள் அந்தப் பிணைப்பைத் தளர்த்துகின்றன; திரவம் வெளியே கசிகிறது. இது முதல் மாற்றம். இரண்டாவது, நாளமே அடைபட்டு அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடுவது. பெசெட் நோய் (உடலெங்கும் ரத்தநாளங்களைத் தாக்கும் அழற்சி நோய்), காசநோய் சார்ந்த ரத்தநாள அழற்சி, லூபஸ் (ஒரு தன்னெதிர்ப்பு நோய்) போன்றவற்றில் இந்த அடைப்பு மோசமாக இருக்கும். மூன்றாவது, புதிதாக, பலவீனமான நாளங்கள் முளைப்பது.

ஒரு தண்ணீர்க் குழாய் கசிவது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். கசிவு என்பது பெரும்பாலும் இப்போது நடந்துகொண்டிருக்கும் அழற்சி, மருந்தால் திரும்பக்கூடியது. அடைப்பு என்பது ஏற்கெனவே நடந்துவிட்ட சேதம். பல சமயம் திரும்பாது. இரண்டையும் ஒரே படத்தில் முழுமையாகக் காட்டும் கருவி இன்னும் இல்லை. எந்தக் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்து பயன்படுத்துவதில்தான் இந்த வேலையின் திறமையே இருக்கிறது.

படி 1: கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

'எஃப்எஃப்ஏ எடுக்கவும்' (ஃப்ளோரசீன் சாய ஆஞ்சியோகிராம் எடுக்கவும்) என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு நல்ல படம் எடுக்க முடியாது. அனுப்பும் மருத்துவர் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கண்ணை முதலில் பிடிப்பது, மையத்தில் அதிக நேரம் செலவிடுவதா ஓரத்திலா, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதெல்லாம் முடிவாகும்.

பார்வை குறைந்ததற்கு மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) வீக்கம் காரணமா, மாகுலாவின் ரத்த ஓட்டம் குறைந்தது காரணமா? பார்வை நரம்புத் தலையில் தெரிவது புது நாளமா, விரிந்த பழைய நாளமா? கோராய்டில் இருக்கும் பழைய தழும்பின் ஓரத்தில் புதிதாக மங்கியிருப்பது அழற்சி திரும்பியதாலா, அங்கே நாளச் சவ்வு முளைத்ததாலா? இப்படி ஒரு வரி போதும். அந்த வரி சீட்டில் இல்லையென்றால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

படி 2: கண்ணைத் தயார்செய்தல்

யுவைடிஸ் கண்கள் படமெடுக்க எளிதானவை அல்ல. ஐரிஸ் பின்னால் லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்பாவை விரியாது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டே இருந்ததால் கண்புரை இருக்கும். கார்னியாவின் பின்புறம் அழற்சிப் படிவுகள், குழந்தைகளில் கார்னியா நடுவே சுண்ணாம்புப் பட்டை, விட்ரியஸில் (கண்ணை நிரப்பும் ஜெல்லில்) மங்கல் என்று ஒளி போகும் வழி முழுவதும் தடைகள். எனவே, ஐரிஸின் நாளங்களை முதலில் பார்த்துவிட்டு (படி 8), ட்ராபிகாமைடும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சொட்டு மருந்தைப் போட்டு 20 முதல் 30 நிமிடம் பொறுமையாகக் காத்திருங்கள். பாவை ஒரு பக்கம் மட்டும் விரிந்தால், அந்தத் திறப்பு வழியாகக் கருவியின் ஒளியைச் சாய்த்துச் செலுத்திப் பாருங்கள். முகவாயைச் சற்று நகர்த்தினாலே படம் தெளிவாவது உண்டு.

விட்ரியஸ் மங்கலின் அளவை அன்றே குறித்துவையுங்கள். ஏன் என்பது ஓசிடி ஆஞ்சியோகிராபிக்கு வரும்போது தெரியும்.

படி 3: எடுக்கும் வரிசை

சாயம் செலுத்துவதற்கு முன் எடுக்க வேண்டியவற்றை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். ஃப்ளோரசீன் உடலில் ஏறிய பிறகு விழித்திரையின் இயல்பான ஒளிர்வைப் பிடிக்கும் ஆட்டோஃப்ளோரசன்ஸ் படம் எடுத்தால் அது சாயத்தின் ஒளியாகத்தான் இருக்கும், பயன்படாது. ஆகவே வண்ணப்படம், ஆட்டோஃப்ளோரசன்ஸ், ஓசிடி (ஒளியால் விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஸ்கேன்), ஓசிடி ஆஞ்சியோகிராபி, அதன்பிறகு சாயம். அன்றே ரத்தப் பரிசோதனை இருந்தால் ரத்தத்தையும் சாயத்துக்கு முன்பே கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஃப்ளோரசீன் சில ஆய்வக அளவீடுகளைக் குழப்பிவிடும்.

படி 4: ஓசிடி

1991-ல் அறிமுகமான ஓசிடி இன்று பெரும்பாலான கண் மருத்துவமனைகளில் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாகுலா வீக்கத்தின் கனத்தையும் நீர்ப்பைகளையும், விழித்திரைக்கு அடியில் திரவம் இருக்கிறதா என்பதையும், மேலே சவ்வு படர்ந்து இழுக்கிறதா என்பதையும் காட்டும். வீக்கம் குறைகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்க ஆஞ்சியோகிராம் தேவையில்லை, இதுவே போதும்.

கவனம் வேண்டியது கோராய்டில். 2008-ல் விவரிக்கப்பட்ட ஆழப்படுத்திய ஓசிடி முறையில், அதாவது ஈடிஐ முறையில் எடுத்தால் கோராய்டின் கனத்தை அளக்கலாம். நிறமித் திசுக்களைத் தாக்கும் வோக்ட்-கோயனாகி-ஹராடா நோயின் தீவிரக் கட்டத்தில் கோராய்டு மிகவும் தடித்திருக்கும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மெலிந்துபோகும். ஆனால் கோராய்டின் கனம் ஒரே நாளிலேயே மாறும், பொதுவாகக் காலையில் அதிகம், மாலையில் குறைவு. கண்ணின் நீளம், கிட்டப்பார்வை, வயது எல்லாம் அதைப் பாதிக்கும். ஒருவரைத் தொடர்ந்து பார்க்கும்போது முடிந்தவரை ஒரே நேரத்தில் எடுங்கள். அடுத்தவர் கண்ணோடு ஒப்பிடுவதை விட அவருடைய சென்ற தடவையோடு ஒப்பிடுவதே நம்பகமானது.

படி 5: ஓசிடி ஆஞ்சியோகிராபி

சாயமே இல்லாமல் நாளங்களைக் காட்டும் முறை இது. ஒரே இடத்தைக் கருவி அடுத்தடுத்து பலமுறை ஸ்கேன் செய்கிறது. நகராத திசு எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஓடும் ரத்த அணுக்கள் மட்டும் படத்துக்குப் படம் மாறும். அந்த மாற்றத்தைக் கணித்து, ஓட்டம் உள்ள இடங்களை வெளிச்சமாக வரைகிறது. அதனால் மேல் தந்துகி வலை, ஆழ்ந்த தந்துகி வலை, கோரியோகேப்பில்லாரிஸ் (கோராய்டின் தந்துகி அடுக்கு) என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஆஞ்சியோகிராமில் இந்த அடுக்குகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துதான் தெரியும்.

இதன் குறை என்ன? கசிவு தெரியாது. அழற்சி கொழுந்துவிட்டு எரிந்தாலும், நாளம் திறந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் படம் அழகாகத்தான் இருக்கும். 'ஓசிடி ஆஞ்சியோகிராபி நார்மல், எனவே அழற்சி இல்லை' என்று எழுதப்பட்ட அறிக்கையை எங்கு பார்த்தாலும் அதை ஏற்காதீர்கள். அப்புறம், ரத்தம் மிக மெதுவாக ஓடும் நாளத்தையும் கருவி 'ஓட்டம் இல்லை' என்றே காட்டும். கருமை என்றால் முழு அடைப்பு என்று பொருளல்ல.

எடுக்கும்போது முதலில் 3×3 மி.மீ., அடுத்து 6×6 மி.மீ. மாகுலாவின் நடுவில் நாளங்களே இல்லாத சிறு வட்டத்தின் விளிம்பைப் பார்க்க 3×3 நல்லது. ஒரே எண்ணிக்கைப் புள்ளிகள் சிறிய பரப்பில் நெருக்கமாக விழுவதால் தந்துகிகள் தெளிவாக வரும். கருவியில் அகல ஸ்கேன் இருந்தால் 12×12-ம் எடுங்கள். சிரைகளை ஒட்டிய ஓட்டமற்ற திட்டுகள் அதில் பிடிபடும். கண் காய்ந்திருந்தால் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு, இமைக்க ஓய்வு, அதன்பிறகு ஸ்கேன்.

படம் வந்ததும் நோயைத் தேடாதீர்கள். முதலில் பிழையைத் தேடுங்கள். குறுக்கே வெள்ளைக் கோடுகள் இருந்தால் கண் அசைந்திருக்கிறது. கறுப்புப் பட்டை இருந்தால் இமைத்திருக்கிறார். மேல் நாளத்தின் உருவம் அப்படியே கீழ் அடுக்கிலும் தெரிந்தால் அது வீழ்நிழல்; கீழே நாளம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. வீங்கிய மாகுலாவில் அடுக்குகளைப் பிரிக்கும் கோடுகளைக் கருவி தவறான இடத்தில் போட்டுவிடும். அப்போது ஆழ்ந்த வலையில் பெரிய ஓட்டை இருப்பதுபோல் தெரியும். நீர்ப்பை இருக்கும் இடத்தில் நாளம் இருக்காது, ஒதுங்கியிருக்கும். அதை இஸ்கீமியா (ரத்த ஓட்டக் குறைவு) என்று படித்துவிடும் அபாயம் உண்டு. குறுக்குவெட்டுப் படத்தில் கோடுகளைச் சரிபார்த்து, தேவையானால் கையால் திருத்துங்கள்.

இப்போது விட்ரியஸ் மங்கல் விஷயத்துக்கு வருவோம். சிக்னல் பலவீனமாக இருந்தால் மெல்லிய தந்துகிகள் படத்திலிருந்து மறைந்துவிடும். கருவி தரும் நாள அடர்த்தி எண் தானாகக் குறையும். சிகிச்சையில் மங்கல் தெளிந்ததும் அந்த எண் உயரும். ரத்த ஓட்டம் திரும்பியதாக மகிழ்ந்துவிடக் கூடாது, ஜன்னல் துடைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. சிக்னல் தரம் 10-க்கு 7-க்குக் கீழே வரும் படத்தில் அடர்த்தி எண்ணை நம்ப வேண்டாம் என்பது பலர் கடைப்பிடிக்கும் எல்லை. இரண்டு நாட்களின் எண்களை ஒப்பிடும்போது இரண்டு நாட்களின் சிக்னல் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். நாளமற்ற நடுவட்டத்தின் பரப்பும் ஆரோக்கியமானவர்களிடையே கூட மிகவும் வேறுபடும். ஒரே ஒரு படத்தை வைத்து 'பெரிதாகிவிட்டது' என்று சொல்வது கடினம். ஆனால் அதன் விளிம்பு அறுந்து, ஒழுங்கற்று இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

கோரியோகேப்பில்லாரிஸ் படத்தில் கருந்திட்டு தெரிந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். அதே அடுக்கின் அமைப்புப் படத்தையும் (ஓட்டத்தை அல்ல, திசுவைக் காட்டும் படம்) திறந்து பாருங்கள். அதே இடம் அங்கேயும் கறுப்பாக இருந்தால் மேலே ஏதோ ஒளியை மறைக்கிறது. அமைப்பு வெளிச்சமாக இருந்து ஓட்டம் மட்டும் இல்லையென்றால் அது உண்மையான ஓட்டக் குறைவு. கோரியோகேப்பில்லாரிஸைத் தாக்கும் நோய்களான செர்பிஜினஸ் கோராய்டைடிஸிலும் ஏபிஎம்பிபிஇ-யிலும் இப்படித்தான் இருக்கும். எம்இடபிள்யூடிஎஸ் என்னும் வெண்புள்ளி நோயிலோ விழித்திரை முழுக்கப் புள்ளிகள் இருந்தாலும் கோரியோகேப்பில்லாரிஸ் ஓட்டம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

இந்தக் கருவி தன் முழு மதிப்பையும் காட்டுவது அழற்சி சார்ந்த கோராய்டு புதுநாளச் சவ்வில். மல்டிஃபோக்கல் கோராய்டைடிஸ், பிஐசி போன்ற கோராய்டு அழற்சி நோய்களில் அழற்சிப் புண்ணும் ஃப்ளோரசீனில் கசியும், நாளச் சவ்வும் கசியும். பல கண்களில் ஆஞ்சியோகிராம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஓசிடி ஆஞ்சியோகிராபியில் புண்ணுக்குள் பின்னல்போல நாளங்கள் தெரிந்தால், குறுக்குவெட்டிலும் அதே இடத்தில் ஓட்டக் குறி இருந்தால், அது சவ்வு. அதற்கு அழற்சியை அடக்கும் மருந்தோடு விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் ஊசியும் தேவைப்படும். சிகிச்சையின் பாதையையே மாற்றும் படம் இது.

படி 6: ஃப்ளோரசீன் ஆஞ்சியோகிராம்

1961-ல் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் மனிதக் கண்ணில் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்தும் விழித்திரை நாள அழற்சியில் இதன் இடம் அசையவில்லை. கசிவைக் கண்முன் காட்டுவது இதுதான்.

பாதுகாப்பு முதலில். முந்தைய ஒவ்வாமை, ஆஸ்துமா, சமீபத்திய மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். முன்பு இந்தச் சாயத்துக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவருக்கு மீண்டும் செலுத்தக் கூடாது. கர்ப்ப காலத்தில், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பதே வழக்கம். அட்ரினலின், ஆக்சிஜன், சலைன், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் எல்லாம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், பக்கத்து அறையில் அல்ல. உயிராபத்து மிக அரிது. 1986-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் சுமார் 2,20,000 பரிசோதனைகளுக்கு ஒரு மரணம். அரிது என்பதாலேயே ஆயத்தம் தளர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது, எனவே ஒவ்வொரு நாளும் அவசர மருந்துத் தட்டைச் சரிபாருங்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மி.கி., அதாவது 10% கரைசலில் 5 மி.லி. முதலில் சலைன் செலுத்தி ஊசி நாளத்துக்குள் சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். சாயம் தோலுக்கடியில் கசிந்தால் கடுமையாக எரியும். செலுத்திய அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சிலருக்குக் குமட்டும். ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார்கள்.

கேள்வி எந்தக் கண்ணைப் பற்றியதோ அந்தக் கண்ணைத்தான் சாயம் வந்துசேரும் கட்டத்தில் பிடிக்க வேண்டும். செலுத்திய 10 முதல் 15 நொடிக்குள் கோராய்டு மங்கலாக ஒளிரும், அடுத்த ஓரிரு நொடியில் தமனிகள், அதன்பின் சிரைகளின் ஓரம் கோடிட்டாற்போல் நிரம்பி முழுதாகும். முதல் அரை நிமிடம் இடைவிடாமல் எடுங்கள். பிறகு இரண்டு கண்களின் நான்கு ஓரங்களையும் சுற்றிவாருங்கள். கடைசியாக 5-வது நிமிடத்திலும் 10-வது நிமிடத்திலும் மாகுலா, பார்வை நரம்புத் தலை, ஓரங்கள். நீரிழிவு நோய்க்கு எடுக்கும் பழக்கத்தில் பின்கட்டப் படங்களை அவசரமாக முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யுவைடிஸில் பாதிச் செய்தி அந்தக் கடைசி நிமிடங்களில்தான் இருக்கிறது.

சாதாரண ஃபண்டஸ் கேமரா ஒரு தடவைக்கு 30 முதல் 55 டிகிரி வரை பிடிக்கும். அகலப்புலக் கருவிகள் 100 முதல் 200 டிகிரி வரை. இன்டர்மீடியட் யுவைடிஸ் (விட்ரியஸை மையமாகக் கொண்ட அழற்சி), பெசெட் போன்ற நோய்களில் கசிவு ஓரத்தில்தான் தொடங்கும் என்பதால் அகலப்புலம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கண்ணை ஒவ்வொரு திசையாகத் திருப்பச் சொல்லிச் சேர்த்து எடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் விட்டுவிடக் கூடாத வேலை. அகலப்புலப் படங்களில் இமைமயிர் கீழ்ப்பகுதியை மறைக்கும். அங்கேதான் பார்ஸ் பிளானைடிஸ் என்னும் இன்டர்மீடியட் யுவைடிஸ் வகையின் பனித்திட்டு, அதாவது வெண்மையான அழற்சிப் படிவு, சேர்வதும். இமையை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி வாசிப்பது. வெளிச்சமான ஒவ்வொரு இடத்திடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நேரம் போகப் போக இது பெரிதாகிறதா? பிரகாசமும் பரப்பும் கூடி, விளிம்பு கலைந்தால் கசிவு. பிரகாசம் மட்டும் கூடி விளிம்பு அப்படியே இருந்தால் படிவு, அதாவது நாளச் சுவரோ தழும்போ சாயத்தை உறிஞ்சியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தை நிரப்பி நின்றால் தேக்கம். வோக்ட்-கோயனாகி-ஹராடாவில் தொடக்கத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தோன்றி, கடைசியில் விழித்திரைக்கு அடியில் குளம்போலத் தேங்குவது இதற்குச் சிறந்த உதாரணம். ஆரம்பத்திலேயே ஒளிர்ந்து, கோராய்டோடு சேர்ந்து மங்கினால் நிறமித் திசு அழிந்த இடம் வழியாகத் தெரியும் பின்னொளி. அடங்கிய நோயில் சிரைச் சுவரில் படிவு மட்டும் மிஞ்சியிருக்கலாம். அதைக் கசிவு என்று எழுதினால் ஒருவர் தேவையில்லாமல் இன்னொரு மாத்திரை விழுங்க வேண்டிவரும்.

கசிவின் வடிவமும் பேசும். மாகுலாவில் பூவிதழ் போன்ற ஒளிர்வு நீர்ப்பை வீக்கம். பெரிய சிரைகளைச் சுற்றி உறைபோல ஒளிர்ந்தால் சிரை அழற்சி. காசநோய், சார்காய்டு (உறுப்புகளில் அழற்சித் திரள்கள் உண்டாகும் நோய்), பெசெட் போன்றவை நினைவுக்கு வர வேண்டும். தமனிகளே முக்கியமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் ஹெர்பஸ் வகை வைரஸ்களால் வரும் தீவிர விழித்திரை நசிவு, லூபஸ் போன்றவற்றை யோசியுங்கள். தந்துகிகளிலிருந்து பெரணி இலை விரித்தாற்போல் பரவும் கசிவு பெசெட் நோயில் பெயர்பெற்றது. இன்டர்மீடியட் யுவைடிஸிலும் வரும்.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அடைபட்ட பகுதியைக் கடைசிப் படத்தில் தேடாதீர்கள். சுற்றியுள்ள கசிவு பின்கட்டத்தில் பரவி, ஓட்டமற்ற பகுதியை மூடி மறைத்துவிடும். ஏறத்தாழ முதல் நிமிடத்துப் படங்களில், தந்துகிகள் நிறைந்து கசிவு இன்னும் தொடங்காத அந்தக் குறுகிய நேரத்தில், நாளங்கள் வெட்டிவிட்டாற்போல் நின்று அதற்கப்பால் சாம்பல் கறுப்பாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அந்த எல்லையில் கொடிச்சிக்கல்போல ஆரம்பத்திலேயே தெரிந்து, பிறகு பலமாகக் கசிந்தால் புதுநாளம்.

புதுநாளம் கண்டவுடன் லேசர் என்று போய்விடவும் கூடாது. யுவைடிஸில் இஸ்கீமியா இல்லாமல் அழற்சியால் மட்டுமே பார்வை நரம்புத் தலையில் புதுநாளம் வருவது உண்டு. அழற்சியை அடக்கினால் அது சுருங்கும். அடைபட்ட பரப்பு அதிகம் இருந்தால் அப்போது லேசருக்கு இடமிருக்கிறது. இரண்டையும் பிரிப்பது அந்த முதல் நிமிடத்துப் படங்கள்.

படி 7: ஐசிஜி (இண்டோசயனின் கிரீன் சாய ஆஞ்சியோகிராம்)

ஃப்ளோரசீன் சிறிய மூலக்கூறு. கோரியோகேப்பில்லாரிஸின் துளைகள் வழியே சட்டென்று வெளியேறி, அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். இண்டோசயனின் கிரீன் ஏறத்தாழ 98% ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அவ்வளவு எளிதில் வெளியே வராது. அதோடு அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியில் ஒளிர்வதால் நிறமித் திசுவையும் ஊடுருவித் தெரியும். கோராய்டைப் பார்க்க இதுவே வழி. கோராய்டு பாதிக்கப்படாத நோய்க்கு இதைக் கேட்பதில் பொருளில்லை. பேர்ட்ஷாட் (ஒரு கோராய்டு அழற்சி நோய்), வோக்ட்-கோயனாகி-ஹராடா, சார்காய்டு, காசநோய், செர்பிஜினஸ் ஆகியவற்றுக்குக் கேளுங்கள்.

வழக்கமான அளவு 25 மி.கி. இதில் அயோடின் உண்டு என்பதால் அயோடின் ஒவ்வாமையைக் கேட்க வேண்டும். கல்லீரல் வழியாக வெளியேறுவதால் கல்லீரல் நோய் இருந்தால் எச்சரிக்கை. முதல் 2, 3 நிமிடங்கள், 10-வது நிமிடம், அரை மணி நேரம் கழித்து என மூன்று கட்டங்களிலும் படம் வேண்டும்.

அழற்சித் திரள்கள் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவை கடைசி வரை கறுப்பாகவே இருந்தால் கோராய்டின் முழுக் கனத்தையும் பிடித்திருக்கின்றன. பின்கட்டத்தில் சுற்றுப்புறத்தோடு கலந்துவிட்டால் பகுதிக் கனம்தான். கோராய்டு நாளங்களின் விளிம்பு கலங்கித் தெரிந்தால் அங்கும் அழற்சி ஓடுகிறது என்று பொருள். வோக்ட்-கோயனாகி-ஹராடாவில் விழித்திரை பார்க்க அமைதியாக இருக்கும்போதே இந்தப் புள்ளிகள் திரும்பத் தோன்றலாம். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வரும் காலத்தில் ஐசிஜி எடுப்பதன் அருமை அங்கேதான்.

படி 8: முன்கண்

ஐரிஸின் நாளங்களையும் மறந்துவிட வேண்டாம். புதுநாளம் இருக்கிறதா என்று கண்பாவையை விரிப்பதற்கு முன்பே ஸ்லிட் லேம்ப்பிலும் கோனியோஸ்கோப்பியிலும் (கார்னியாவும் ஐரிஸும் சேரும் கோணத்தைப் பார்க்கும் பரிசோதனை) பாருங்கள். சொட்டு மருந்து போட்ட பிறகு மெல்லிய நாளங்கள் மறைந்துவிடும். ஃபுக்ஸ் யுவைடிஸ் என்னும் வகையில் கோணத்தின் குறுக்கே மெல்லிய நாளங்கள் ஓடுவது அந்த நோயின் இயல்பு.

படி 9: எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைப்பது

ஒவ்வொரு கருவியின் அறிக்கையையும் தனித்தனியாக எழுதி இணைத்துவிட்டால் வேலை முடியவில்லை. கண்ணைப் பற்றி மூன்று வாக்கியம் எழுத முடிய வேண்டும்: கசிவு எங்கே, எவ்வளவு, ஓட்டம் எங்கே நின்றிருக்கிறது, புதிதாக முளைத்தது ஏதாவது உண்டா.

மாகுலாவில் கசிவு பலமாக, ஆனால் ஓசிடி ஆஞ்சியோகிராபியில் தந்துகி வலை கலையாமல் இருந்தால், அழற்சியை அடக்கினால் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நோயாளியிடம் நம்பிக்கையோடு சொல்லலாம். மாறாக வீக்கம் வற்றிய பிறகும் பார்வை ஏறவில்லை, நடுவட்டத்தின் விளிம்பு அறுந்திருக்கிறது என்றால், மருந்தை மேலும் மேலும் கூட்டுவதால் பயன் குறைவு. அந்த உண்மையை அன்போடும் தெளிவாகவும் சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் லேசான கசிவு மட்டும் இருந்து, மாகுலாவும் பார்வையும் நன்றாக இருந்தால்? இங்கே மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சென்ற தடவையை விடக் குறைந்துகொண்டே வந்தால் சிகிச்சையைக் கூட்டாமல் காத்திருக்கலாம், கூடினால் காத்திருக்கக் கூடாது என்பது என் நிலை.

அளவை வார்த்தையில் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். 2010-ல் யுவைடிஸ் ஆஞ்சியோகிராமுக்கென்று ஒரு மதிப்பெண் முறை வெளியானது: ஃப்ளோரசீன் குறிகளுக்கு 40, ஐசிஜி குறிகளுக்கு 20. தினசரி வேலையில் முழுவதும் போட நேரம் கிடைக்காவிட்டாலும், அதன் தலைப்புகளை ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொண்டால் எதுவும் விடுபடாது.

நோயாளிகளுக்கும் பெற்றோருக்கும்

ஃப்ளோரசீன் செலுத்திய பிறகு தோல் 6 முதல் 12 மணி நேரம் வரை மஞ்சளாக இருக்கும். சிறுநீர் ஒன்று, ஒன்றரை நாள் வரை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகப் போகும். இது மஞ்சள் காமாலை அல்ல. சொட்டு மருந்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகில் உள்ளது மங்கலாகத் தெரியும். வண்டி ஓட்ட வேண்டாம், கூட ஒருவரை அழைத்து வாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு தடிப்பு, மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தால் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். ஓசிடியும் ஓசிடி ஆஞ்சியோகிராபியும் ஊசியே இல்லாதவை, கண்ணைத் தொடாதவை.

மூட்டுவாதத்தோடு யுவைடிஸ் வரும் குழந்தைகளுக்கு ஊசி பெரிய பயம். அவர்களுக்குச் சாயத்தை வாய்வழியாகக் கொடுத்துப் பின்கட்டப் படங்களை எடுக்கலாம். கசிவு தெரியும், முதல் நிமிடத்துத் தகவல் கிடைக்காது. கசிவா இல்லையா என்பது மட்டுமே கேள்வி என்றால் அது போதும்.

படி 10: அடுத்த தடவை

அதே கருவி, அதே ஸ்கேன் அளவு, அதே இடம். ஒரு நிறுவனக் கருவியின் நாள அடர்த்தி எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. கணிக்கும் முறையே வேறு. கருவியில் முந்தைய ஸ்கேனைப் பின்தொடரும் வசதி இருந்தால் கட்டாயம் அதை இயக்குங்கள். ஓசிடியை ஒவ்வொரு வருகையிலும் எடுக்கலாம். சாய ஆஞ்சியோகிராமை நோய் கண்டறியும்போது, மருந்தை மாற்றும் முன், சில மாதம் கழித்து அந்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, மருந்தை நிறுத்த எண்ணும்போது எடுக்கலாம். காரணம் தெரியாமல் பார்வை குறைந்தாலும் எடுக்க வேண்டும்.

மருத்துவமனை மாறும் நோயாளிக்கு அச்சிட்ட அறிக்கையை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். தொடக்கக்கட்ட, பின்கட்டப் படங்களின் கோப்புகளை நேரக் குறியோடு கொடுங்கள். ஓசிடி ஆஞ்சியோகிராபி என்றால் குறுக்குவெட்டும் சிக்னல் அளவும் சேர்த்து. கேட்காவிட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள் என்பதால், நோயாளிகள் நீங்களே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.